வாதம் இருக்கு, சரியா இருக்கா?

வரலாற்றுக் கட்டுரை திருத்தும் பட்டியல் ஒன்று இரண்டை மட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மைய வாதம் இருக்கா? ஆதாரம் இருக்கா?

"1773 தேயிலைச் சட்டம் விலையை ஏற்றியது, அதனால்தான் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகளை வீசினார்கள்" என்று ஒரு பிள்ளை எழுதினால், இரண்டுக்கும் டிக் விழும். ஆனால் அந்தச் சட்டம் விலை குறையத்தான் வழி செய்தது. 1767இல் போட்ட வரி மட்டும் நீடித்தது. நம் பிரதிநிதி இல்லாத பார்லிமென்ட் நமக்கு வரி போடலாமா என்பதே முக்கியச் சண்டை.

டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ் ஆகியும் தப்பான விடை தரும் புரோகிராம் மாதிரிதான் இது. "மலிவான தேயிலையை ஏன் வீசினாங்க?" என்று யோசித்துத் தயங்கி எழுதும் பிள்ளைக்கோ, வாதம் தெளிவில்லை என்று மார்க் குறையும்.

பட்டியலில் மூன்றாவது கேள்வி வேணும்: இந்த ஆதாரம் இந்த வாதத்தைத் தாங்குதா? அது இல்லாவிட்டால், அடித்துச் சொல்வதுதான் வரலாறு என்று பிள்ளைகள் பழகிவிடுவார்கள்.