பகல் பதினொரு மணி

கணவனோடு கடல் கடந்து போகும் பெண்ணைப் பற்றித் தமிழில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை விமான நிலையத்தில் ஆரம்பித்து விமான நிலையத்திலேயே முடிந்துவிடுகின்றன. அம்மா அழுகிறாள்; அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார்; பெட்டிக்குள் ஊறுகாய் ஜாடி உடைகிறது. அடுத்த பக்கத்தில் பனி பெய்கிறது. அதற்கும் அடுத்த பக்கத்தில் அவள் பிள்ளை தமிழ் பேச மறுக்கிறான். இடையில் இருக்கிற பத்து வருஷம் எங்கே போயிற்று? அந்தப் பத்து வருஷந்தானே அவள் வாழ்க்கை!

இத்தகைய கதைகளை எடைபோட நான் ஒரு சாதாரணக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். கணவன் வேலைக்குப் போய்விட்டான். பகல் பதினொரு மணி. அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? இதற்கு ஆசிரியருக்குப் பதில் தெரிந்திருந்தால் கதை பிழைத்தது. தெரியாவிட்டால், எத்தனை கண்ணீர் கொட்டினாலும் பிரயோஜனமில்லை.

"இதில் என்ன புதுமை? பெண் என்றாலே புகுந்த வீட்டுக்குப் போகிறவள்தானே?" என்று சிலர் கேட்பார்கள். அடுத்த தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவளும் ஒரு விதத்தில் அயல்நாட்டுக்காரிதான். இந்த உண்மையை அம்பையைப் போல் சொன்னவர்கள் குறைவு. 1988-ல் வந்த 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுதியின் தலைப்புக் கதையில், தெற்கேயிருந்து அஜ்மீர்க் குடும்பம் ஒன்றுக்கு மீனாட்சி மருமகளாக வருகிறாள். இருட்டான அந்தச் சமையலறைக்கு வெளியே மலைகள் இருக்கின்றன. ஜன்னலைப் பெரிதாக்கலாமே என்று அவள் ஒரு யோசனை சொல்கிறாள். சில நாளில் அங்கே துணி உலர்த்தும் கொடிகள் கட்டப்படுகின்றன; மலையும் மறைந்துபோகிறது. மருமகளுக்கு அந்த வீட்டில் என்ன இடம் என்பதை ஒரு கொடிக்கயிறு சொல்லிவிடுகிறது. இங்கே ஆசிரியைக்குப் பகல் பதினொரு மணியும் தெரியும், இரவு பதினொரு மணியும் தெரியும்.

ஆனால் புகுந்த வீடு வேறு, புகுந்த நாடு வேறு என்பது என் அபிப்பிராயம். புகுந்த வீட்டில் அதிகாரம் செய்யவாவது ஒரு மாமியார் இருப்பாள். உப்பு எந்த ஜாடியில் இருக்கிறது என்று அதட்டியாவது சொல்லிக்கொடுப்பாள். புகுந்த நாட்டில் அதட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. அந்த நிசப்தத்தை எழுதுவது கொடுமையை எழுதுவதைவிடக் கடினமான காரியம்.

அதைச் செய்திருப்பவர் ஜும்பா லாஹிரி. ஆங்கிலத்தில் எழுதும் இந்த வங்காளி எழுத்தாளரின் 'தி நேம்சேக்' என்ற நாவல் 2003-ல் வெளிவந்தது. 1968 ஆகஸ்டில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜில், ஒரு சின்னச் சமையலறையில் கதை தொடங்குகிறது. பிரசவத்துக்கு இரண்டே வாரம் இருக்கிற ஆஷிமா அமெரிக்க அரிசிப் பொரியையும் வேர்க்கடலையையும் வெங்காயத்தையும் கலந்து, கல்கத்தாத் தெருவில் விற்கிற பொரியின் ருசியைக் கொண்டுவரப் பார்க்கிறாள். ஏதோ ஒன்று குறைகிறது. அது என்ன என்று கிண்ணத்தில் தேடுகிறாள். நாவலின் விஷயம் முழுவதும் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு வரும் ஒரு இடம். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தாயிற்று. கணவன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. மாடிவீட்டுப் பெண்மணி தன்னிடமிருக்கிற பழுப்பு அரிசியில் ஒரு கோப்பை கொடுக்கிறாள். மரியாதைக்காக வாங்கிக்கொண்ட ஆஷிமா கீழே வந்து அதைக் கொட்டிவிடுகிறாள். கணவனுக்குப் போன் செய்கிறாள், பதிலில்லை. எழுந்து முகம் கழுவுகிறாள், தலை வாரிக்கொள்கிறாள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, முதன்முறையாகத் தன்னந்தனியே தெருவில் இறங்கிக் கடைக்குப் போய் வெள்ளை அரிசி வாங்கி வருகிறாள். அவ்வளவுதான் சம்பவம். இதில் வசனமில்லை, தத்துவமில்லை. ஆனால் ஒருத்தி ஒரு நாட்டில் குடியேறுவது இப்படித்தான். விமானத்திலிருந்து இறங்கிய அன்று அவள் அமெரிக்காவுக்கு வரவில்லை; அரிசி வாங்கப் புறப்பட்ட அன்றுதான் வந்தாள்.

இந்த இடத்தில் வேறொரு பெண்ணையும் நினைத்துக்கொள்வது நியாயம். புதுமைப்பித்தன் 1935-ல் எழுதிய 'துன்பக்கேணி'யின் மருதி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன அவளுக்குப் 'பகல் பதினொரு மணி' என்று ஒரு பிரச்னையே கிடையாது. அவளுடைய எல்லா மணி நேரத்துக்கும் சொந்தக்காரன் தோட்டத்திலே இருக்கிறான். நேரம் காலியாகக் கிடந்து வதைப்பது படித்த, நடுத்தர வர்க்கத்துப் பெண்ணுக்கு நேர்கிற துன்பம். மருதியின் துன்பத்தோடு இதை ஒப்பிட்டு ஆஷிமாவைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. ஒரு துன்பம் பெரிது என்பதால் இன்னொன்று பொய்யாகிவிடாது.

தவிரவும், அந்தக் காலி நேரம் தானாக வந்ததல்ல, அதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1965-ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றி, நாட்டுக்கு இவ்வளவு பேர் என்ற பழைய கோட்டா முறையை எடுத்த பிறகே நம்மவர்கள் ஏராளமாகப் போகத் தொடங்கினார்கள். பின்னாளில் எச்-1பி விசாவில் போன கம்ப்யூட்டர் என்ஜினீயரின் மனைவிக்கு எச்-4 விசா கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. 2015 மே மாதத்தில்தான் அந்த விதி தளர்ந்தது. அதுவும், கணவனின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அவள் வேலைக்கு அனுமதி கேட்கலாம். இங்கே அவனோடு சமமாகப் படித்துப் பட்டம் வாங்கியவள், அங்கே ஒருவனைச் சார்ந்தவள் என்று தாளில் எழுதப்படுகிறாள். நம் கதாசிரியர்கள் பனியை வர்ணிக்கிறார்களே தவிர, இந்தத் தாளை வர்ணிப்பதில்லை.

நான் இதை எழுதுவது பள்ளிப்பட்டிலிருந்து. இந்த ஊர்க்காரர்களுக்கு நாடு மாறுவதைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்தூர் ஜில்லாவிலிருந்த பள்ளிப்பட்டு, எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியோடு சென்னை மாகாணத்துக்கு வந்தது. பதிலுக்குச் சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போயிற்று. அன்று யாரும் வீட்டை விட்டு நகரவில்லை, நாடு நகர்ந்தது. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். எல்லாரும் அவரை 'அவ்வா' என்றுதான் கூப்பிடுவோம். மாற்றத்துக்கு மூன்று வருஷம் முன்பு, நகரிப் பக்கத்திலிருந்து இங்கே ஒரு நெசவுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்தபோது புகுந்த வீடு மட்டும் புதிது. பிறகு ஜில்லாவும் ராஜ்யமும் புதிதாயின.

சில மாதங்களுக்கு முன் அவருடைய பேத்தி கல்யாணமாகி நியூ ஜெர்ஸிக்குப் புறப்பட்டாள். என்ஜினீயரிங் படித்த பெண். "அங்க போயி நான் என்ன பண்ணப்போறேன் அவ்வா?" என்று அவள் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். கிழவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் வந்தப்போ மோருன்னா என்னன்னு தெரியாது, எங்க வீட்ல மஜ்ஜிக. ஆனா உப்புக்கு ரெண்டு பாஷையிலும் உப்புதான். அந்த ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போனேன். போகப் போக மத்தது வந்துது. நீ வீட்டுக்குள்ளயே உக்காந்துடாத, அம்மாயி."

லாஹிரியின் தள்ளுவண்டிக் காட்சியை நான் நினைத்துக்கொண்டேன். அந்த நாவலைப் பற்றி அவ்வாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் இருவரும் சொல்வது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு நான் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினேன். கொடுத்தபோது எனக்கு ஒரு தயக்கமும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

'தி நேம்சேக்' பாதிக்கு மேல் ஆஷிமாவைக் கைவிட்டுவிடுகிறது. மகன் கோகோல் வளர்ந்ததும் கதை அவன் பின்னாலேயே நியூயார்க்குக்குப் போய்விடுகிறது; அவனுடைய காதலிகள், அவனுடைய பெயர்க் குழப்பம் என்று பக்கங்கள் நிறைகின்றன. ஆஷிமா நூல்நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததையும், அங்கேதான் அவளுக்கு முதல் அமெரிக்க சிநேகிதிகள் கிடைத்ததையும் ஆசிரியை சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். அரிசி வாங்கப் போன அந்தப் பெண் எப்படி நூல்நிலையம் வரை போனாள்? அந்த வழியைத்தான் நான் படிக்க விரும்பினேன். நியூ ஜெர்ஸியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் தேவைப்படுவது அந்த அத்தியாயந்தான்.

கடைசியில் ஆசிரியை அதற்கு ஒருவாறு ஈடு செய்கிறார். விதவையான ஆஷிமா வீட்டை விற்றுவிட்டு, ஆறு மாதம் இந்தியாவிலும் ஆறு மாதம் அமெரிக்காவிலுமாக இருப்பதென்று முடிவு செய்கிறாள். அவள் பெயருக்கே எல்லையில்லாதவள் என்று பொருள். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்தது. இரண்டில் ஒன்றைத் துறந்தால்தான் மற்றொன்று சொந்தமாகும் என்ற பிடிவாதம் அதில் இல்லை.

எழுதப்படாத அந்த நடு அத்தியாயத்தைத் தமிழில் யாராவது எழுத வேண்டும். பெரிய சோகம் வேண்டாம். பஸ் எண்ணைத் தெரிந்துகொண்டது, கடைக்காரனிடம் தப்பாகப் பேசி மறுநாள் சரியாகப் பேசியது, முதன்முதலாக ஒரு அயலாளுக்கு வழி சொன்னது – இவை போதும். எழுதக்கூடியவர்கள் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பகல் பதினொரு மணிக்கு நேரமும் இருக்கிறது.