வீட்டுக் கணினியும் கட்டாயக் கணக்கும்

உடைமை என்பதற்குக் கூறத்தக்க இலக்கணங்கள் பல. அவற்றுள் எளியது ஒன்றுண்டு: ஒரு பொருளைப் பிறரது இசைவை வேண்டாது பயன்படுத்தும் உரிமை எவருக்கு உண்டோ, அவரே அதன் உடையவர். இவ்விலக்கணத்தை இன்று நம் இல்லங்களிலுள்ள கணினிக்குப் பொருத்திப் பார்ப்பின், விலை கொடுத்தவர் நாமாகவும், திறக்க இசைவளிப்பவர் பிறராகவும் இருத்தல் புலனாகும். இந்நிலை தக்கதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாளில் வீட்டுக் கணினியில் நாம் இடும் பெயரும் கடவுச்சொல்லும் அக்கணினிக்குள்ளேயே தங்கின. 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 11ஐ வெளியிட்டபோது, அதன் இல்லப் பதிப்பை முதன்முறை அமைப்பதற்கு இணைய இணைப்பும் அந்நிறுவனத்தில் ஒரு கணக்கும் வேண்டும் என விதித்தது. அறிந்தோர் சிலர் மாற்றுவழி கண்டு இவ்விதியைக் கடந்து வந்தனர். 2025இல் வெளியிட்ட சோதனைப் பதிப்புகளில் நிறுவனம் அவ்வழிகளையும் அடைக்கத் தொடங்கியது. அவ்வழிகளைக் கையாள்வோரின் கணினி முழுமையாக அமைக்கப்படாது போகின்றது என்பதே அது கூறிய காரணம்.

கணக்கினால் விளையும் நன்மைகளை மறுத்தல் நடுநிலையாகாது. கடவுச்சொல்லை மறந்தவர் அதனை மீளப் பெறலாம். பெற்றோர் பிள்ளைகளின் பயன்பாட்டை வரையறுக்கலாம். களவுபோன கணினியின் இருப்பிடத்தை அறியவும் கூடும். வன்தட்டிலுள்ளவற்றைப் பிறர் படிக்கவியலாதவாறு மறைகுறியாக்கி, அதனைத் திறக்கும் மீட்புச் சாவியைக் கணக்கிலே சேமித்து வைத்தலும் பயனுடையதே. ஆயின், இவை யாவும் கணக்கை வழங்குவதற்குரிய காரணங்களேயன்றிக் கணக்கைக் கட்டாயமாக்குவதற்குரிய காரணங்களல்ல. நல்ல பொருளைக் கடைவிரித்தல் வேறு; வாங்காதவனை வீதியிற் செல்லவிடேன் எனத் தடுத்தல் வேறு.

மேலும், கணக்கு என்பது வெறும் பெயரன்று. ஒரே கணக்கின்கீழ்த் தேடியவை, நிறுவிய செயலிகள், சென்ற இடம், சேமித்த கோப்புகள் ஆகியன ஓராளுக்குரியனவாக ஒன்றிணைக்கப்படக் கூடும். தனித்தனியே கிடக்கையில் அற்பமானவை, ஒருங்கு கோக்கப்படுகையில் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பாகி விடுகின்றன. மீட்புச் சாவி நிறுவனத்திடம் இருக்குமாயின், சட்டபூர்வமான ஆணையின்பேரில் அது மூன்றாமவர் கைக்குச் செல்லவும் கூடும்.

நமது மாத்தளை மாவட்டத்தின் நிலைமையை நோக்குவோம். இறத்தோட்டை, எல்கடுவை முதலிய பகுதிகளின் தோட்டக் குடும்பமொன்றில் ஒரு கணினி இருப்பின், அது தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவானது. இணையமோ கைத்தொலைபேசியின் அளவிட்ட தரவிலிருந்து பெறப்படுவது. இந்நிலையில், விற்பவரோ திருத்துபவரோ தம் தொலைபேசி இலக்கத்தைக் கொண்டே கணக்கைத் திறந்து கொடுப்பாராயின் என்னாகும்? 2024இல் வெளிவந்த பதிப்பிலிருந்து, இவ்வாறு அமைக்கப்படும் புதிய கணினிகள் பெரும்பாலும் தாமாகவே மறைகுறியாக்கம் பெறுகின்றன. பின்னொருநாள் தாய்ப்பலகையை மாற்ற நேரின், கணினி மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இருப்பது கணக்கில். கணக்கைத் திறக்கும் குறியீடு செல்வது மற்றொருவர் தொலைபேசிக்கு. உயர்தரப் பரீட்சைக்கு ஈராண்டு சேர்த்த குறிப்புகளை மாணவர் இழப்பதற்கு இதனின் மேலான விபத்து வேண்டுவதில்லை.

பதிவு என்னும் சொல் மலையகத் தமிழருக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டோர் தாம் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத் துண்டொன்றைத் தாங்கி வந்தனர். கடன் தீர்ந்தால் விடுவிக்கலாம் எனத் துரை எழுதித் தரும் 'துண்டு' இன்றி வேறு தோட்டத்திற் சேரவியலாதிருந்தது. 1921இலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமோ, பத்திரம் காட்டவியலாத பல்லாயிரவரை நாடற்றவராக்கியது. அக்கொடுமைகளையும் இன்றைய கணக்கையும் ஒரு தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. எனினும், பதிவு யாருடைய நலனுக்காகச் செய்யப்படுகின்றது, அதனைத் திரும்பப் பெறும் உரிமை யாரிடம் உள்ளது என்னும் வினாக்களை எழுப்ப நம்மினும் தகுதியுடையார் யாவர்?

சட்டம் இவ்வினாவுக்கு ஓரளவு விடை கூறுகின்றது. 2017இல் இந்திய உயர்நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தடையின்றி வழங்கப்படுவதாயிருத்தல் வேண்டும் என வரையறுக்கின்றது. ஆயினும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முதன்மைப் பிரிவுகள் ஒத்திவைக்கப்பட்டன. மறுத்தால் கணினியே இயங்காது என்னுமிடத்து அளிக்கப்படும் இசைவைத் தடையற்ற இசைவு என்றல் எங்ஙனம்?

நிபந்தனைகள் மாற்றவொண்ணாதன அல்ல என்பதற்கும் சான்று உண்டு. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுற்றது. மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற விரும்பிய வீட்டுப் பயனர் கணக்கு வைத்திருத்தல் வேண்டும் என்றும், இலவசமாகப் பெற வேண்டின் தம் கணினி அமைப்புகளை நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு அனுப்புதல் முதலியவற்றுக்கு இசைதல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் வற்புறுத்திய பின்னர், ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் மட்டும் அவ்வனுப்புதல் வேண்டாவெனத் தளர்த்தப்பட்டது. மென்பொருள் ஒன்றே, நிபந்தனை இரண்டு. வேற்றுமைக்குக் காரணம் தொழில்நுட்பமன்று, கேட்பாரின் வலிமையே.

ஆதலின் நாம் செய்யத்தக்கன சில உள. கணக்குத் திறப்பின் அது நம் சொந்த இலக்கத்தில் அமைதல் வேண்டும். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வீட்டிற் பேணுதல் வேண்டும். கணக்கு வேண்டாதார், அமைத்து முடித்தபின் உள்ளகக் கணக்குக்கு மாறும் வழியை அமைப்புகளிற் காணலாம். கணக்கே கேளாத லினக்ஸ் போன்ற இயங்குதளங்களைப் பாடசாலைகள் மாணவருக்கு அறிமுகப்படுத்தலாம். இவை தனியாள் செய்யும் காப்புகளே. கணக்கின்றியும் கணினியை அமைக்கும் வழியொன்று முதற் திரையிலேயே தெளிவாக இருத்தல் வேண்டும் எனச் சட்டத்தின் வாயிலாகக் கேட்பதே நிலையான பரிகாரம். வேண்டாம் எனச் சொல்லும் உரிமை உள்ள இடத்திலேதான் வேண்டும் என்பதற்கும் பொருளுண்டு.