ஒன்பதரை மணியிலிருந்து நாலு மணி வரை

'மனுசனுக்குள்ள இருக்கிற மிருகம் வெளிய வந்துருச்சு.' கூட்டுக்கொலை எங்கே நடந்தாலும் நம் இலக்கியவாதிகள் இப்படி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மிருகத்தின்மேல் யார் வழக்குப் போடுவது? ருவாண்டாவைப் பற்றி ழான் ஹாட்ஸ்ஃபெல்ட் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் தொகுத்த இரண்டு புத்தகங்களை முன்வைத்து இந்த வாக்கியத்தை நான் மறுக்கிறேன்.

1994 ஏப்ரல் 11 முதல் மே 14 வரை நியாமட்டா வட்டாரத்தில் இருந்த சுமார் 59,000 டுட்சிகளில் ஏறத்தாழ 50,000 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தினமும் காலை ஒன்பதரைக்குத் தொடக்கம், மாலை நாலு மணிக்கு முடிவு. 2000இல் வந்த முதல் புத்தகம், தப்பிப் பிழைத்த டுட்சிகள் பதினாலு பேரின் சாட்சியம். 2003இல் வந்த இரண்டாவது, சிறையிலிருந்த ஹுட்டு கொலையாளிகள் பத்துப் பேரின் பேச்சு. பெரும்பாலும் விவசாயிகள், செத்தவர்களுக்கு அக்கம்பக்கத்து ஆட்கள். காலையில் வயிறாரத் தின்றுவிட்டு, மைதானத்தில் கூடி, சதுப்பு நிலத்தில் கோரைக்குள் ஒளிந்தவர்களைத் தேடி வெட்டியிருக்கிறார்கள். வராதவனுக்கு அபராதம். சாயங்காலம் கொள்ளையடித்த கூரைத் தகரமும் பீரும். கொலைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேலை'.

எம்.ஏ. தமிழில் எனக்குப் பரணி பாடம். ஆயிரம் யானையைக் கொன்றவனைப் பாடுவது பரணி என்றார்கள். கொன்றவனுக்கு வீரம், பிணத்துக்குப் பேய். இந்த இரண்டும் இல்லாத கொலையை வாசிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்தப் புத்தகங்களில் வீரனும் இல்லை, பேயும் இல்லை. கூலிக்காரனைப் போல நேரத்துக்குப் போய்வந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

வேலை என்றால் வேலை வாங்குகிறவன் உண்டு. 1930களில் பெல்ஜியக்காரன் அடையாள அட்டையில் இனத்தை எழுதிவைத்தான். 1993இல் தொடங்கிய வானொலி டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது. ஆள் திரட்ட அரசு அதிகாரி இருந்தான். 1990இலிருந்து அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது உண்மை. ஆனால் நியாமட்டா தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்து செத்த தாயும் பிள்ளையும் எந்தப் படையில் இருந்தார்கள்? 'இரு தரப்பு மோதல்' என்று நம் ஊர்ச் செய்திகளில் படித்துப் பழகிய நமக்கு இந்தச் சூழ்ச்சி புதுசா என்ன?

எனக்குள்ள பெரிய குறை ஒன்று. அந்த அட்டையில் மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு: ட்வா. பானை வனையும் மக்கள், நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருப்பவர்கள். ஹுட்டுவும் டுட்சியும் தங்களுக்குள் வெட்டிக்கொண்டாலும், ட்வாவோடு சேர்ந்து உண்பதில்லை, குடிப்பதில்லை என்பதில் ஒரே ஆட்கள். 1994இல் ட்வாக்களும் கொல்லப்பட்டார்கள். சிலர் கொலைக்கூட்டத்திலும் இழுத்துவிடப்பட்டார்கள். பதினாலும் பத்தும் இருபத்துநாலு குரல்கள். ஒரு ட்வா குரல் இல்லை. பலியானவன், கொன்றவன் என்று இரண்டு நாற்காலி போட்டால் கடைசியில் கிடப்பவன் எங்கே உட்காருவான்?

இருந்தாலும் சொல்கிறேன்: நம்மிடையே உண்மையறியும் குழுவில் போகிற தோழர்கள் இவற்றை அவசியம் வாசிக்க வேண்டும். 'ஏன் இப்படிக் கொடூரமா ஆனாங்க' என்ற கேள்வி இருக்கட்டும். யார் கூட்டினான், யார் பேரைச் சொல்லிக் கொடுத்தான், வராதவனுக்கு என்ன தண்டம், பிடுங்கின தகரம் இன்றைக்கு யார் வீட்டுக் கூரையில் கிடக்கிறது? இவற்றுக்குப் பெயரோடு பதில் எழுத முடியும்.