யாரு சப்போர்ட்டு?
வேடம், தேர்வு, கணக்கு: சில குறிப்புகள்

1

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாலு பசங்கள் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். நாலு செல்போன், நாலு இயர்போன், பி.ஜி.எம்.ஐ. விமானத்திலிருந்து குதிப்பதற்கு முன்பே ஒரு குரல் வரும்: 'டேய், நான் ரஷ்ஷு. நீ ஸ்னைப்பரு. நீ கால் குடு. நீ சப்போர்ட்டு.' கடைசி 'நீ' எப்போதும் ஒரே பையன்தான். நாலு போனில் அவனுடையதுதான் பழசு. மருந்து சேர்ப்பது, புகைக்குண்டு வீசுவது, விழுந்தவனைத் தூக்கிவிடுவது, எல்லோரும் முன்னால் ஓடும்போது பின்னால் பார்ப்பது - இவை அவன் வேலை.

ஆட்டத்தின் விதி எதுவும் அவனை இதில் கட்டிப்போடவில்லை. அந்த ஆட்டத்தில் வேடம் என்பது விதியாகவே கிடையாது. எவரும் எந்தத் துப்பாக்கியையும் எடுக்கலாம், எங்கும் ஓடலாம். முழுச் சுதந்திரம். அந்த முழுச் சுதந்திரத்துக்குள் அவன் ஆறு மாதமாக சப்போர்ட்டு.

துப்பாக்கி ஆட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கிராமத்துக் கூத்தில் யார் எந்த வேஷம் கட்டுவது என்பதைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இன்று நம் பையன்கள் தினமும் வேஷம் கட்டும் இடம் இது. இதுவும் ஒரு பிரதிதான். இதற்குள்ளும் அதிகாரம் பங்கிடப்படுகிறது, சில குரல்கள் கேட்கின்றன, சில குரல்கள் கேட்பதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வேடத்தை விதியாக நிர்ணயிப்பது நல்லதா, அவரவர் இஷ்டத்துக்கு விடுவது நல்லதா? இந்தக் கேள்விக்கு நம் கைவசம் இருக்கும் ஆயத்த பதில் 'இஷ்டத்துக்கு விடு' என்பது. அந்தப் பதிலை நானும் ரொம்ப நாள் நம்பினேன்.

2

இந்தக் கேள்வி ஒரு பெருநிறுவனத்தின் தலைவலியாக மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளிஸார்டு நிறுவனம் 2016 மே மாதம் 'ஓவர்வாட்ச்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. ஆறு பேருக்கு எதிராக ஆறு பேர். பாத்திரங்களைப் பெரும்பாலும் மூன்று வேலைகளில் அடக்கலாம்: அடியைத் தாங்குபவர், அடிப்பவர், அடிபட்டவரைத் தேற்றுபவர். யார் எதை எடுப்பது என்பது ஆடுபவர் விருப்பம். நடு ஆட்டத்திலும் மாற்றிக்கொள்ளலாம். விளைவை ஊகிப்பது கஷ்டமில்லை. நாலைந்து பேர் அடிப்பவராகவே நிற்பார்கள். மீதி ஒருவரோ இருவரோ பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கவும் தேற்றவும் போவார்கள். தோற்றால் திட்டு அவர்களுக்கு. 2018-ல், தேவையான வேடங்களைச் சொல்லி முன்கூட்டியே குழு சேர்த்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தார்கள். சண்டை ஓயவில்லை.

அதே ஆண்டில் வேறொன்று நடந்தது. 'கோட்ஸ்' என்ற அமெச்சூர் அணி ஒரு புது சேர்க்கையைப் பிரபலமாக்கியது: மூன்று பேர் தாங்க, மூன்று பேர் தேற்ற, அடிப்பவர் என்று ஒருவரும் இல்லை. ஆறு பேரும் ஒட்டிக்கொண்டு உருண்டையாக நகர்வார்கள். யாராலும் உடைக்க முடியவில்லை. தொழில்முறைப் போட்டிகளிலும் அதுவே ஆட்சி செய்தது. குறி பார்த்துச் சுடுவதில் புகழ்பெற்றவர்கள் பலர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அல்லது வேடம் மாறினார்கள்.

2019 ஜூலையில் தொழில்முறைப் போட்டியிலும், ஆகஸ்டு-செப்டம்பரில் பொது ஆட்டத்திலும் நிறுவனம் வேடத்தைப் பூட்டியது. இரண்டு தாங்குபவர், இரண்டு அடிப்பவர், இரண்டு தேற்றுபவர். வரிசையில் நிற்கும்போதே வேடத்தைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே போனபின் மாற்ற முடியாது. ஒவ்வொரு வேடத்துக்கும் தனித்தனித் திறன் மதிப்பெண்.

இங்கே கவனிக்க வேண்டியது பூட்டு வந்த நேரம். எளியவன் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த மூன்று ஆண்டுகள் அது வரவில்லை. நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்து, பார்வையாளர் கொட்டாவி விட்ட பிறகுதான் வந்தது. உண்மையிலேயே சுதந்திரமாகத் தேர்ந்தபோது ஆட்டக்காரர்கள் நிறுவனத்துக்குப் பிடிக்காத அர்த்தம் ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள். எந்த அர்த்தம் செல்லும் என்பதை ஆசிரியன் திரும்ப வந்து நிர்ணயித்தான். 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று கோஷம் போட்ட தலைமுறையிடம் படித்தவர்கள் நாங்கள். அவன் சாகவில்லை, சர்வர் அவன் கையில் இருக்கிறது.

3

இருந்தாலும் நான் பூட்டின் பக்கம் சாய்ந்தேன். அதற்குக் காரணம் என் சித்தப்பா மகள்.

அவள் ஓவர்வாட்ச் ஆடுகிறவள். அடிப்பவர் வேடத்தில் கெட்டிக்காரி. மைக்கில் வாயைத் திறந்தால் போதும், பெண் குரல் என்று தெரிந்ததும் 'நீ ஹீலர் எடு' என்று வரும். தேற்றுவது பெண் வேலை என்பது வீட்டிலிருந்து அப்படியே ஆட்டத்துக்குள் இறக்குமதியாகியிருக்கிறது. எல்லோருக்கும் எல்லாம் திறந்திருக்கும் வரிசையில் அவள் பலமுறை விட்டுக்கொடுத்திருக்கிறாள். இல்லாவிட்டால் முழு ஆட்டமும் ஏச்சு கேட்க வேண்டும். பூட்டிய வரிசையில் அவள் அடிப்பவர் என்று சொல்லி உள்ளே போகிறாள். அதன்பின் எவன் கத்தினாலும் வேடம் மாறாது. 'அண்ணா, அது என்னை அடைக்கிற பூட்டு இல்ல. உள்ள தாப்பாள் போட்டுக்கிற மாதிரி' என்றாள்.

நான் படித்த கோட்பாடுகளில் எனக்குக் கிடைக்காத வாக்கியம் இது. சுதந்திரத் தேர்வு என்ற சொல்லாடல் ஒன்றை மறைக்கிறது: அணி என்று ஒன்று இருந்தால் தாங்குகிற வேலையும் தேற்றுகிற வேலையும் இருக்கத்தான் போகின்றன; யாரோ செய்யத்தான் போகிறார்கள். விதி சொல்லாவிட்டால் குரல் உயர்ந்தவன் சொல்வான். வயது சொல்லும், பால் சொல்லும், போனின் விலை சொல்லும். பேரம் நடக்கிறது, ஆனால் பேரம் நடந்ததாகவே பதிவாவதில்லை. 'அவனாத்தான் எடுத்தான்' என்று முடிந்துவிடும்.

பூட்டு அந்தப் பேரத்தை வெளியே கொண்டுவந்து காத்திருப்பு நேரமாக மாற்றியது. அடிப்பவராக ஆசைப்படுவோர் அதிகம் என்பதால் அவர்கள் வரிசை நீளம். புகழ் வேண்டுமா, பொறு. 2020-ல், எந்த வேடமானாலும் சரி என்று வருபவருக்கு முன்னுரிமைச் சீட்டும் கொடுத்தார்கள். முன்பு விட்டுக்கொடுப்பவன் தன் ஆட்டத்தால் கட்டிய விலையை, இப்போது ஆசைப்படுபவன் தன் நேரத்தால் கட்டுகிறான். இதைச் சின்ன நியாயம் என்று தள்ள முடியவில்லை. ஆனால் நிறுவனம் நிறுவனம்தான். 2022 அக்டோபரில் இரண்டாம் ஓவர்வாட்ச் வந்தபோது அணி ஐந்து பேராயிற்று. தாங்குபவர் இடம் ஒன்றாயிற்று. யாரும் வர விரும்பாத இடத்தின் பற்றாக்குறையைத் தீர்க்க ஒரு வழி, அந்த இடத்தையே பாதியாக்குவது!

4

2022 ஜூலை 28. அன்றுதான் பி.ஜி.எம்.ஐ. இந்தியாவில் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது - 2023 மே மாதம் திரும்பி வந்தது. அதே நாளில் சென்னையில் 44-வது செஸ் ஒலிம்பியாட் துவங்கியது. ஆட்டங்கள் நம் மாவட்டத்தில், மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில். ஈ.சி.ஆர். முழுக்க வேட்டி கட்டிய குதிரை, பெயர் 'தம்பி'. அணியில் எந்த வேலைக்கும் கூப்பிடத் தோதான பெயர்.

அணிச் சதுரங்கத்தில் வேடம் என்பது பலகை. ஐந்து பேர் கொண்ட அணி, தன் வரிசையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போட்டி முடியும்வரை மாற்ற முடியாது. சுற்றுக்குச் சுற்று ஒருவருக்கு ஓய்வு கொடுக்கலாம், அப்போது கீழே இருப்பவர்கள் அதே வரிசையில் மேலே நகர்வார்கள். அவ்வளவுதான் சுதந்திரம். முதல் பலகையில் உட்காருகிறவர் பெரும்பாலும் எதிரணியின் ஆகப் பெரிய ஆளை வாங்கிக்கொள்கிறார். ஒரு விதத்தில் அவர் தாங்குபவர். இந்தியாவின் இரண்டாம் அணியில் அந்த இடம் 16 வயது குகேஷுக்கு. முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவிடம் தோற்றார். அணிக்கு வெண்கலம்தான், தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு.

நான் சொல்ல வந்தது இதன் பிறகு. ஒலிம்பியாட் பலகைவாரியாகவும் பதக்கம் கொடுக்கிறது. முதல் பலகைக்குத் தங்கம் குகேஷ், இரண்டாம் பலகைக்குத் தங்கம் நிஹால் சரின், மூன்றாம் பலகைக்கு வெள்ளி முதலாம் அணியின் அர்ஜுன் எரிகைசி, வெண்கலம் பிரக்ஞானந்தா. மூன்றாம் பலகையில் ஆடியவரை முதல் பலகைக்காரரின் கணக்கில் வைத்து யாரும் அளக்கவில்லை. ஐந்தாவது ஆளாக மாற்றாட்டக்காரர் என்று உட்கார்ந்தவர்களுக்கும் தனிப் பதக்கம் இருந்தது. இடம் நிலையானது, அந்த இடத்துக்கென்று ஒரு கணக்கும் இருந்தது.

டீக்கடைப் பையனுக்கு இல்லாதது இந்தக் கணக்கு. திரையில் ஓடும் அறிவிப்பு யார் யாரைக் கொன்றான் என்று சொல்லும். யார் யாரைத் தூக்கிவிட்டான் என்று ஊருக்கு அறிவிக்காது. ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போதும் பேச்சு 'எத்தினி கில்லு?' என்பதில்தான் ஆரம்பிக்கும். பூஞ்சேரிக்குப் பக்கத்திலேயே கடற்கரைக் குப்பங்களில் பங்கு முறை இருக்கிறது. கடலுக்குப் போனவர்களுக்குள் பாடு பங்காகப் பிரியும். எந்த மீன் யார் கையால் வந்தது என்று அங்கே கேள்வி இல்லை. படகுக்கும் வலைக்கும் பங்கு போவதில் முதலாளித்தனம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனாலும் கயிறு இழுத்தவன் கணக்கில் இருக்கிறான்.

5

இங்கே எனக்கே ஒரு சங்கடம். பூட்டுக்காக இவ்வளவு வாதாடுகிறேனே, எந்த ஊரிலிருந்து பேசுகிறேன்? 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் வந்ததும் அது போயிற்று. அதற்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது - பள்ளிகள் போதவில்லை, தொழில்கள் அழியக் கூடாது, எல்லா வேலைக்கும் ஆள் வேண்டும். 'எல்லா வேலைக்கும் ஆள் வேண்டும்' என்ற வாக்கியத்தைக் கேட்டாலே நமக்கு உடம்பு கூச வேண்டும். நியாயமான கூச்சம்தான்.

அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' நூலில் வேலையைப் பிரிப்பதையும் வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவதையும் வேறுபடுத்திக் காட்டினார். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் இந்தப் பூட்டையும் பரிசோதிக்க வேண்டும். ஓவர்வாட்ச் பூட்டு ஓர் ஆட்டத்துக்கு. அடுத்த ஆட்டத்தில் அவர் வேறு வரிசையில் நிற்கலாம். வேடத்தைச் சொன்னதும் அவரே. சாதியில் இந்த இரண்டுமே கிடையாது. டீக்கடைப் பெஞ்சிலும் கிடையாது என்பதுதான் என்னைத் தூங்கவிடாதது. எந்த விதியும் இல்லாத இடத்தில் ஒரு பையனின் ஆறு மாதம் அவனுடைய இயல்பாக மாறிக்கொண்டிருக்கிறது.

நம் இலக்கணக்காரர்கள் போரைப் பூவால் பிரித்தார்கள். மதிலை வளைப்பவன் உழிஞை சூடுவான், மதிலைக் காப்பவன் நொச்சி சூடுவான். இரண்டுக்கும் தனித்தனித் துறைகள், தனித்தனிப் புகழ். காப்பவனுக்கும் பாட்டு உண்டு. 'வேலரன்ட்' ஆட்டத்தில் பன்னிரண்டு சுற்று முடிந்ததும் தாக்கிய அணி காக்கவும் காத்த அணி தாக்கவும் மாறுகிறது. அங்கே பூ மாற்றுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பூ என்றால் சூடலாம், கழற்றலாம். ஆனால் இதே மரபுதான் திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வைத்து, யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்று முழுக்க முழுக்க வேலை கொடுப்பவன் பக்கம் நின்று பேசுகிறது. கொடுக்கப்பட்டவனுக்கு அது வேண்டுமா என்ற கேள்வி அங்கே எழவில்லை. பழம்பெருமை பேசும்போது இந்த மௌனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆக, 'நிலையான வேடமா சுதந்திரத் தேர்வா' என்ற எதிர்மையே கோணலானது. நான் கேட்க விரும்புவது மூன்று: வேடத்தைச் சொல்வது யார்? எவ்வளவு நேரத்துக்கு? அந்த வேடத்துக்குக் கணக்கு உண்டா? ஓவர்வாட்ச் ஆட்களே 2024 டிசம்பரிலிருந்து ஆறு பேர் ஆட்டத்தைத் திரும்பச் சோதித்தபோது, ஒவ்வொரு வேடத்திலும் குறைந்தது ஒருவர், அதிகம் மூன்று பேர் என்று ஒரு வடிவத்தையும் வைத்துப் பார்த்தார்கள். எல்லை விதியுடையது, எல்லைக்குள் அவரவருடையது. அதிலும் அந்தக் 'குறைந்தது ஒருவர்' யார் என்று பேரம் நடக்கும்தான். அதே மாதம் வந்த 'மார்வெல் ரைவல்ஸ்' பூட்டே இல்லாமல் வந்தது. பழைய சண்டை அங்கே புதுசாக ஆரம்பித்தது.

6

போன மாதம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பசங்களிடம் சொன்னேன்: 'ஆட்டத்துக்கு ஆட்டம் மாத்திக்கலாமேடா. இன்னிக்கு இவன் முன்னால போகட்டுமே.' சிரித்தார்கள். 'ஜெயிக்கணும்லண்ணா' என்றான் ரஷ்ஷு. நான் அந்தப் பையனைப் பார்த்தேன். 'எனக்கு இதான்ணா நல்லா வருது' என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. ஆறு மாதம் அதையே செய்தவனுக்கு அது நன்றாகத்தான் வரும். தொழில் கைக்கு வந்துவிட்டது என்று இதே வாக்கியத்தை நம் ஊரில் எத்தனை பேரை வைத்துச் சொல்லியிருக்கிறோம். அவன் விருப்பத்தை நான் மறுத்தால் அவனுக்காக நான் பேசுகிறவனாகிவிடுவேன். ஏற்றுக்கொண்டால் பெஞ்சில் நடந்த பேரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவனாவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வேலைதான் எனக்கு மிஞ்சியது. அன்று ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல 'எத்தினி கில்லு?' என்று ஆரம்பித்தார்கள். நான் அவனிடம் கேட்டேன்: 'நீ எத்தன பேரத் தூக்கிவுட்ட?'

அவனுக்குத் தெரியவில்லை. எண்ணியதே இல்லை என்றான். அடுத்த நாள் நான் கேட்காமலே சொன்னான்: 'ஏழுண்ணா.'