மரண வாயிலிலிருந்து மீண்டோர் சாட்சியும் நம் பிரசங்க பீடமும்

புதுவையில் ஜிப்மர் முதலிய மருத்துவமனைகளில் நோயாளரைச் சந்திக்கும் ஆயர்கள், மரணத்தின் வாயில்வரை சென்று மீண்ட ஒருவர் தாம் கண்ட ஒளியையும் அடைந்த அமைதியையும் விவரிக்கக் கேட்க நேரிடலாம். அதனை அடுத்த ஞாயிறன்றே நித்திய ஜீவனுக்குச் சான்றாகப் பிரசங்கிக்கும் ஆவலும் எழலாம். அதற்கு முன், இவ்வனுபவங்களை ஆராய்வதற்கென்றே அமெரிக்காவில் வெளியிடப்பெறும் 'ஜர்னல் ஆஃப் நியர்-டெத் ஸ்டடீஸ்' என்னும் இதழைக் கற்பது நலம்.

ரேமண்ட் மூடி 1975-இல் எழுதிய நூல் எழுப்பிய ஆர்வத்தின் விளைவாக, 1981-இல் 'அனபயோசிஸ்' என்ற பெயருடன் இவ்விதழ் தோன்றியது. 1987-இல் இப்பெயர் பெற்றது. மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் பல்லாண்டுகள் இதன் ஆசிரியராயிருந்தார். மறுப்புரைகளுக்கும் இடமளிப்பது இதன் தனிச் சிறப்பு. செய்தித்தாள் விளம்பரத்தின் வாயிலாகக் கிடைத்த எட்டு அனுபவங்களைக் கொண்டு, இந்தியரும் சுரங்கம் போன்ற இருளைக் காண்கின்றனர் என்று சூசன் பிளாக்மோர் 1993-இல் இதில் எழுதினார். சான்றுகள் மிகச் சில; கேள்விகளே விடையைச் சுட்டின என்று கெல்லஹியரும் உடனாய்வாளரும் 1994-இல் இதே இதழில் மறுத்தனர். இந்நேர்மையைப் பாராட்டுகிறோம். எனினும், தாமாக முன்வருவோர் பின்னாளில் நினைவுகூர்ந்து சொல்வதையே பெரிதும் சார்ந்திருப்பது இத்துறை முழுமைக்குமுள்ள குறையாகும்.

நமக்கு முக்கியமானது வேறொன்று. சத்வந்த் பஸ்ரிச்சாவும் இயன் ஸ்டீவன்சனும் 1986-இல் வேறொரு மருத்துவ இதழில் 16 இந்தியரின் அனுபவங்களை வெளியிட்டனர். அவற்றுள் பலவற்றில் தூதர் வந்து அழைத்துச் செல்கின்றனர். அங்கே ஏடு பார்க்கப்படுகிறது. ஆள் மாறிவிட்டதென அறிந்து திருப்பி அனுப்புகின்றனர். அமெரிக்கர் விவரிப்பிலோ, மரித்த உற்றாரே எதிர்கொண்டு, இன்னும் காலம் வரவில்லை என்று திருப்புகின்றனர். ஒளியுருவைக் கண்ட கிறிஸ்தவரின் கூற்றை நம் விசுவாசத்திற்கு ஆதாரமாக்குவோமாயின், யமதூதரைக் கண்ட அயலாரின் கூற்றை எந்நியாயத்தால் தள்ளுவோம்? ஒரே தராசில் இரண்டையும் நிறுக்கவேண்டுமன்றோ?

நான்கு நாள் கல்லறையிலிருந்த லாசரு அங்குக் கண்டதைப்பற்றி யோவான் ஒரு சொல்லும் எழுதவில்லை. பரதீசுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஒருவனைப்பற்றிப் பேசும் பவுலும், அங்குக் கேட்டவை மனிதர் பேசக்கூடாதவை என்று நிறுத்திக்கொள்கிறார். இம்மௌனம் தற்செயலானதன்று. மரித்து உயிர்த்தெழுந்து, இனி மரியாத ஆண்டவரே நம் நம்பிக்கையின் அடித்தளம். மரணத்தருகே சென்று மீண்டு, மறுபடியும் மரிக்கப்போகும் மனிதரின் காட்சியன்று.

ஆகவே படுக்கையருகே ஆயர் செய்யத்தக்கது யாது? பொறுமையாகக் கேட்பார், ஏளனம் செய்யார், மூளையின் மயக்கமென்று விரைந்து முடிவுகட்டவும் மாட்டார். அச்சம் நீங்கியவரோடு சேர்ந்து ஸ்தோத்திரம் செலுத்துவார். ஆனால் நோயாளி நம்பிச் சொன்னதைப் பிரசங்க பீடத்துக்குச் சரக்காக்கமாட்டார்.