கோட்டைக் குன்றிலிருந்து தெரிந்த ஊர்

1795இல் திருகோணமலையைப் பிடித்த ஆங்கிலேயரிடம் கேமரா இல்லை, பென்சில் இருந்தது. படை அதிகாரிகளுக்கு ஓவியம் பொழுதுபோக்கு மட்டுமல்ல, தொழிற்பயிற்சியும்கூட. வூல்விச் இராணுவக் கல்லூரியில் 1768 முதல் பால் சாண்ட்பி என்ற நிலக்காட்சி ஓவியரே தலைமை ஓவிய ஆசிரியர். குன்றின் சரிவைப் பிழையாக வரைந்தால் பீரங்கிக் குண்டும் பிழையான இடத்தில்தான் விழும். அந்தப் பயம் கையில் இருந்ததால், கடற்கரையின் வளைவு, மதிலின் உயரம், பாறையின் அமைப்பு இவற்றில் படை ஓவியர்களை நம்பலாம். அழகுக்காக மலையை நகர்த்தும் ஓவியரைவிட இவர்கள் மேல்.

நகர வாழ்க்கை என்று வரும்போதுதான் சிக்கல். இத்தகைய படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் கட்டடத்தின் உயரத்தைக் காட்டவே நிற்கிறார்கள். சந்தையில் யார் என்ன விற்றார், மீன் எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் இவற்றில் கிடைப்பது அரிது. காரணம் திறமைக் குறைவல்ல, உட்கார்ந்த இடம். சாமுவேல் டேனியல் என்ற ஓவியர் படைவீரர் அல்லர். அவரும் 1808இல் வெளியான தம் இலங்கைக் காட்சித் தொகுப்பில் திருகோணமலைத் துறைமுகத்தை ஒஸ்ரன்பேர்க் கோட்டையிலிருந்தே காட்டினார். படைக்கு வசதியான இடம் ஓவியத்துக்கும் வழக்கமான இடமாகிவிட்டது. அந்தக் கோட்டை இருக்கும் குன்றில் நின்று நகரைப் பார்க்க வடக்கே திரும்பினால், கொட்டியாரக் குடாவும் அதன் தென்கரையிலுள்ள மூதூரும் சம்பூரும் முதுகுக்குப் பின்னே போய்விடும். குடாப் பக்கம் திரும்பினாலும் சம்பூர் ஒரு பச்சைக் கோடுதான்.

இன்னொரு குறை அச்சில் நேர்ந்தது. 73ஆவது படைப்பிரிவின் கப்டன் வில்லியம் லிட்டில்டன் வரைந்த ஆறு இலங்கைக் காட்சிகள் 1819இல் லண்டனில் வெளிவந்தன. ஓவியருக்கும் வாங்கியவருக்கும் நடுவே செதுக்குபவரின் கை இருந்தது. ஆங்கிலேயருக்கு எதிரான ஊவாக் கிளர்ச்சி நசுக்கப்பட்ட மறு ஆண்டு அது. லண்டனில் காசு கொடுத்தவர்கள் அமைதியான மலைகளைப் பார்த்தார்கள். அச்சுப் படத்தைவிட, ஈரம் பட்டுக் கசங்கிய மூலப் பென்சில் தாளையே நான் நம்புவேன்.

ஒப்பிட ஓர் எழுத்துச் சான்று உண்டு. டச்சு அதிகாரி வான் செண்டன் 1786இல் அந்தக் குடாவை ஒட்டிய கொட்டியாரப்பற்று ஊர்களுக்குள்ளேயே சென்று நாட்குறிப்பு எழுதினார். அவரும் ஆள வந்தவர்தான், கணக்குப் பார்க்கத்தான் போனார். ஆனாலும் வயலும் குளமும் குடிகளின் முறைப்பாடும் அதில் பதிவாகின. குன்றை விட்டு இறங்கியவருக்கு அவ்வளவு கிடைத்தது.