264 பிரேமும் பத்துப் பேர் கருத்தும்

பதினொரு விநாடி வசனம். விநாடிக்கு 24 பிரேம் வீதம் 264 பிரேம். அதற்குள் ஒரு கதாபாத்திரம் யோசிக்க வேண்டும், பேச வேண்டும், பேசாமல் விட்டதையும் முகத்தில் காட்ட வேண்டும். இதற்காக வாரக்கணக்கில் கணினி முன் உட்காரும் இளம் அனிமேட்டர், வேலை ஓரளவு உருப்பெற்றதும் சக அனிமேட்டர்களிடம் காட்டுகிறார். குறை கேட்கிறார், திருத்துகிறார், மறுபடி காட்டுகிறார். கேரக்டர் அனிமேஷன் கற்கும் பலர் இப்படித்தான் தேறுகிறார்கள். 11 செகண்ட் கிளப் என்ற மாதாந்திரப் போட்டி இந்தப் பழக்கத்தையே விதியாக்கியது. எல்லோருக்கும் ஒரே ஒலித்துண்டு; மதிப்பெண் போடுவது சக அனிமேட்டர்கள்; வென்றவருக்குக் கிடைப்பது, தொழில்முறை அனிமேட்டர் ஒருவர் அந்த ஷாட்டைப் பிரித்து மேய்ந்து தரும் விமர்சனம். ஜெயித்தவருக்கும் குறை கேட்பதுதான் பரிசு!

இந்த முறை ஏன் வேரூன்றியது என்பது வேலையின் தன்மையிலேயே இருக்கிறது. தமிழ் சினிமாவின் டப்பிங் அறையில் திரையில் அசையும் உதட்டுக்கு ஏற்பக் குரல் கொடுக்கிறார்கள். இங்கே வரிசை தலைகீழ்: குரல் முதலில் பதிவாகிவிடுகிறது, உடம்பு பிறகு வருகிறது. அனிமேட்டர் அந்த ஒலியை நூற்றுக்கணக்கான தடவை கேட்கிறார். ஒரு கட்டத்துக்கு மேல் அவர் காதில் வசனம் விழுவதில்லை, ஒலியலை மட்டும்தான் விழுகிறது. குரலில் ஒளிந்திருந்த தயக்கமோ பொய்யோ அவருக்குக் கேட்காமலே போகும். புதிதாகக் கேட்பவருக்குக் கேட்கும்.

நுட்பக் குறைகளைப் பிடிப்பதில் சகாக்களுக்கு நிகரில்லை. ‘ம’, ‘ப’ ஒலிகளில் உதடு முழுமையாக மூடவில்லை. வாயசைவு ஒலிக்கு ஓரிரு பிரேம் முந்தாமல் பிந்தி வருகிறது. தலை திரும்பியும் கண் அங்கேயே நிற்கிறது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எழுகின்றன. முக்கிய போஸ்களை மட்டும் அடுக்கும் பிளாக்கிங்கில் துடிப்பாக இருந்த போஸ், இடைப்பட்ட அசைவைக் கணினி நிரப்பும் ஸ்ப்லைனுக்கு மாற்றியதும் தண்ணீரில் மிதப்பதுபோல் ஆகிவிட்டது. இப்படிப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே இடத்தைச் சுட்டினால், அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்று நம்பலாம்.

ஆனால் நடிப்பு என்று வரும்போது அதே பத்துப் பேர் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்.

“எனக்கொண்ணும் கோவம் இல்ல” என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் சொல்லும் வசனத்தை எடுத்துக்கொள்ளலாம். அனிமேட்டர் அந்தக் கதாபாத்திரத்தை அசையாமல் உட்காரவைத்து, தட்டிலிருக்கும் சோற்றை மட்டும் பிசையவிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சபை என்ன சொல்லும்? ‘எனக்கு’ என்னும்போது கை நெஞ்சுக்குப் போகட்டும், ‘இல்ல’ என்னும்போது தலை ஆடட்டும், நடுவில் ரொம்ப நேரம் சும்மா நிற்கிறதே. பரத நாட்டியத்தில் சொல்லுக்குச் சொல் முத்திரை காட்டும் பதார்த்த அபிநயத்துக்கு ஓர் இடமுண்டு. ஆனால் ஒரு வரியின் முழுப் பொருளையும் பாவத்தையும் விரித்துக் காட்டும் திறனால்தான் பாலசரஸ்வதி போன்றவர்கள் பேர் பெற்றார்கள். அனிமேஷன் கூட்டங்களில் பின்னது அரிதாகவே ஊக்குவிக்கப்படுகிறது. காரணம் எளிது. அசைவைப் பற்றிக் கருத்துச் சொல்ல முடிகிறது. அசையாமையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கருத்துச் சொல்ல அழைக்கப்பட்டவர் வெறுங்கையோடு திரும்ப விரும்புவதுமில்லை.

பதிவு செய்த குரலுக்கு நடிப்பூட்டிய சிறந்த படங்களை இந்தச் சபை முன் நிறுத்திப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆர்ட்மன் நிறுவனத்துக்காக நிக் பார்க் 1989-இல் எடுத்த ‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ ஐந்து நிமிடக் குறும்படம். சாதாரண மக்களிடம் எடுத்த நேர்காணல்களின் ஒலியை மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் வைத்தார். தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் குளிரையும் பற்றிக் குறைப்படும் ஒரு பிரேசில் நாட்டவரின் குரல், கூண்டில் கிடக்கும் பெரும்பூனைக்கு வாய்த்தது. அந்த ஒலியில் இழுவை உண்டு, திக்கல் உண்டு, சொல் கிடைக்காத இடைவெளி உண்டு. பார்க் அவற்றை வெட்டி எறியவில்லை. சொல் தேடும் நேரத்தில் விலங்கு சொல்தான் தேடுகிறது.  படம் ஆஸ்கர் வாங்கியது. அதற்கு முன்பே, 1959-இல், ஜான் ஹப்ளியும் ஃபெய்த் ஹப்ளியும் தங்கள் மகன்கள் விளையாடும்போது பேசியதைப் பதிந்து ‘மூன்பேர்ட்’ என்ற படமாக்கியிருந்தார்கள்; அதுவும் ஆஸ்கர் வாங்கியது. மழலையின் தாவலும் தடுமாற்றமும்தான் அந்தப் படத்தின் நடை. இரண்டையும் துண்டாக வெட்டி ஒரு விமர்சன வட்டத்தில் போட்டால், ‘இடைவெளியைக் குறை, போஸைத் தெளிவாக்கு’ என்ற அறிவுரை குவிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

மதிப்பெண்ணும் சேர்ந்துகொண்டால் சாய்வு கூடுகிறது. பயிற்சி வசனத்துக்கு முன்கதை கிடையாது, பின்கதை கிடையாது. அனாதையான பதினொரு விநாடி தன் காலில் நிற்க வேண்டுமானால், கடைசியில் ஒரு திருப்பமோ சிரிப்போ தேவைப்படுகிறது. ஆகவே சோகமான குரல் வேற்றுக்கிரகவாசிக்கோ கோழிக்கோ போய்ச் சேர்கிறது. நல்ல வேடிக்கைதான். ஆனால் ஒரு முழுநீளப் படத்தில் நாற்பதாவது நிமிடத்தில் வரும் அமைதியான ஷாட்டை நடிக்கவைக்க இந்தப் பழக்கம் உதவாது.

ஸ்டூடியோவோடு ஒப்பிடும்போது வேறுபாடு எங்கே என்பது தெரியும். 1930-களில் ஹைபீரியன் அவென்யூவிலிருந்த டிஸ்னி ஸ்டூடியோவில், பென்சில் டெஸ்ட்டுகளைப் போட்டுப் பார்த்த காற்றோட்டமற்ற குட்டி அறைக்கு ‘ஸ்வெட்பாக்ஸ்’ என்று பெயர். வியர்த்தது வெக்கையால் மட்டுமல்ல, வால்ட் டிஸ்னி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாலும். பிக்ஸாரின் டெய்லிஸ் கூட்டம் அதைவிட இணக்கமானது. அரைகுறை வேலையை எல்லோர் முன்னும் காட்டுவது அங்கே வழக்கம் என்றும், பிறர் வேலைக்குக் கிடைக்கும் குறிப்புகளைக் கேட்டே இளையவர்கள் கற்கிறார்கள் என்றும் பிக்ஸாரை நிறுவியவர்களில் ஒருவரான எட் கேட்மல் 2014-இல் வெளியான தன் நூலில் விளக்குகிறார். ஆனால் இரண்டு அறையிலும் கதை முழுதும் தெரிந்த ஓர் ஆள் இருந்தார். யார் என்ன சொன்னாலும், இந்தக் கதாபாத்திரம் இப்படிச் செய்யாது என்று முடிக்கும் அதிகாரம் அவருடையது. சகாக்கள் வட்டத்தில் அந்த நாற்காலி காலி. அதனால் ஆளுக்கொரு பக்கமாக அதில் உட்காரப் பார்க்கிறார்கள்.

ஷாட்டின் மேலேயே திருத்திய போஸை வரைந்து காட்டும் டிரா-ஓவர் இதன் உச்சம். உடம்பின் வளைவையோ எடை விழும் காலையோ புரியவைக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. அதே பேனா நடிப்புத் தேர்விலும் நுழையும்போது, இருந்த நடிகர் போய் இன்னொருவர் வந்துவிடுகிறார். ஐந்து பேர் வரைந்தால் ஐந்து நடிகர்கள். ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்ப்பதிலும் இதே ஆபத்து உண்டு. எந்தப் பார்வையாளர் கண்ணிலும் படாத பிழையைத் திருத்த இரண்டு நாள் போகும். கதாபாத்திரம் யாரிடம் எதை எதிர்பார்த்துப் பேசுகிறது என்ற கேள்வி மட்டும் எழாமலே கிடக்கும்.

முறையைக் கைவிட வேண்டியதில்லை. கேட்கும் விதத்தை மாற்றினாலே பாதிக் குறை தீரும். ஒருவரின் முதல் பார்வை ஒரே ஒருமுறைதான் கிடைக்கும். அதை உதட்டசைவு சரிபார்க்கச் செலவிடுவது வீண். பிளாக்கிங் நிலையிலேயே, ஒலியை அணைத்து ஒருமுறை ஓடவிட்டு, “இந்த ஆளுக்கு என்ன வேணும்? எந்த இடத்தில் மனசு மாறுது?” என்று மட்டும் கேட்கலாம். பதில்கள் அனிமேட்டர் நினைத்ததோடு பொருந்தாவிட்டால் நடிப்பு எட்டவில்லை என்று பொருள். அதை எப்படி எட்டவைப்பது என்பது அவர் பாடு. பிரேம் கணக்கும் உதட்டு மூடலும் பாலிஷ் கட்டத்துக்குக் காத்திருக்கலாம்.

இன்னொரு குறையை இந்த ஏற்பாடும் தீர்க்காது. வெளிநாட்டு வேலையைக் கருதி ஷோரீல் செய்யும் நம் இளைஞர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பட வசனங்களையே எடுக்கிறார்கள். அவர்கள் பார்த்து வளர்ந்த அனிமேஷன் படங்கள் அதே அமெரிக்கப் படங்கள். கருத்துச் சொல்பவர்கள் பார்த்ததும் அவையே. தோளைக் குலுக்குவதும் பிடரியைத் தடவுவதும் இரு விரலால் காற்றில் மேற்கோள்குறி போடுவதும் எல்லோருக்கும் இயல்பாகவே படுகின்றன, யாரும் தடுப்பதில்லை. ஒருவர் தமிழ் வசனம் எடுத்து, வெற்றிலை மடித்துக்கொண்டே மருமகளிடம் பேசும் பாட்டியை அனிமேட் செய்து உலக வட்டத்தில் காட்டினால், உதடு மூடாத பிரேமை பிரேசிலிலிருந்தும் போலந்திலிருந்தும் சரியாகப் பிடித்துக் கொடுப்பார்கள். பாட்டி சம்மதித்தாளா, குத்திக்காட்டினாளா என்று சொல்ல, அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்த ஆள் வேண்டும். அவருக்கு அனிமேஷன் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.